வலிப்பும் மனச்சோர்வும் சேர்ந்து இருக்கவங்களுக்கு மருந்து: எங்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்ல 16 வருஷமா பார்மசிஸ்ட்டா நிக்கேன். எங்க தம்பிக்கு 11 வயசுல இருந்து வலிப்பு, 27 வயசுல மனச்சோர்வும் வந்துச்சு, அதனால கவுண்டருக்கு வெளிய நின்னு சீட்ட நீட்டுறவங்க மனசு எப்படி இருக்கும்னும் எனக்கு தெரியும். ரெண்டு சீட்டும் சேர்ந்து வர்ற வீட்டுல எல்லாரும் கேக்குறது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கதான். அவங்க கேட்ட மாதிரியே எழுதி, தெரிஞ்சத சொல்லியிருக்கேன். மாத்திரைய மாத்துறதும் அளவ கூட்டிக் குறைக்கதும் உங்க டாக்டர்தான் செய்யணும், அவங்ககிட்ட என்ன கேக்கணும்னு இதுல இருந்து எடுத்துக்கோங்க.

"ஃபிட்ஸ் இருக்குன்னு நெனச்சு நெனச்சுதான இப்படி ஆயிட்டான், கவலைக்கெல்லாம் மாத்திரையா?"

கவலையும் உண்டு, இல்லன்னு சொல்லல. எப்ப வரும்னு தெரியாத ஒண்ண உடம்புல வச்சுக்கிட்டு, குளத்துல குளிக்க விடாம பைக் ஓட்ட விடாம, கல்யாண வீட்டுல எல்லாரும் பாக்க விழுந்துருவோமோன்னு பயந்து வளர்ந்த பிள்ளைக்கு மனசு வாடாம இருக்குமா. ஆனா அது பாதிதான். வலிப்பு நெறைய பேருக்கு மூளையில காதுக்கு உள்பக்கமா இருக்குற டெம்போரல் பகுதியில இருந்துதான் கிளம்பும், ஞாபகமும் பயமும் சந்தோஷமும் நடக்குற இடமும் அதையொட்டித்தான் இருக்கு. வலிப்பு உள்ளவங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்கு மனச்சோர்வு வருது. இன்னொண்ணு, வலிப்பே இல்லாம மனச்சோர்வு மட்டும் இருக்கவங்களுக்கு பின்னால வலிப்பு வர்ற வாய்ப்பும் மத்தவங்கள விட கூடுதல். ஒண்ணு வந்ததால மத்தது வந்துச்சுன்னு மட்டும் இல்ல, ரெண்டுக்கும் அடியில ஒரே வேர் ஓடுது. அதனாலதான் தைரியம் சொன்னா மட்டும் சரியாகல.

"சும்மா வருத்தமா, இல்ல மருந்து போடுற அளவு சோர்வா, நாங்க எப்படி கண்டுபிடிக்க?"

ரெண்டு வாரம்ங்கறதுதான் கணக்கு. ரெண்டு வாரமா அநேக நாளும் ஒண்ணுலயும் பிடிப்பில்ல, முன்ன பிடிச்சது இப்ப பிடிக்கல, தூக்கமும் சாப்பாடும் மாறிப்போச்சு, தன்னால எல்லாருக்கும் பாரம்னு சொல்லுதான் அப்படின்னா டாக்டர்ட்ட போகணும். எங்க ஊர்ல யாரும் மனச்சோர்வுன்னு சொல்லிக்கிட்டு வர மாட்டாங்க, "ஒரே வெப்ராளமா இருக்கு", "சீணமா இருக்கு", "எல்லாம் வெறுத்துப் போச்சு"ன்னுதான் சொல்லுவாங்க, அதையும் காதுல வாங்கணும். வலிப்பு உள்ளவங்களுக்குன்னே 6 கேள்வி உள்ள ஒரு சின்ன தாள் இருக்கு, மூணு நிமிஷத்துல முடிஞ்சிரும், நியூரோ ஓபியில கேட்டுப் பாருங்க.

ஒரு விஷயம் கவனிக்கணும். சிலருக்கு ஃபிட்ஸ் வர்றதுக்கு முந்தின நாளே எரிச்சலும் சோர்வும் வரும், சிலருக்கு வந்து முடிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள் அழுகையா வரும். அது வலிப்போட வந்து வலிப்போட போறது. அதுக்கு முதல் வழி வலிப்ப கட்டுப்படுத்துறது. காலண்டர்ல ஃபிட்ஸ் வந்த நாளையும் மனசு சரியில்லாத நாளையும் வேற வேற மையில குறிச்சு வச்சா ரெண்டு மாசத்துல டாக்டருக்கு விஷயம் தெளிவா தெரிஞ்சிரும்.

"மனச்சோர்வு மாத்திரை போட்டா ஃபிட்ஸ் கூடும்னு சொல்லுதாங்களே அக்கா?"

இதுதான் அதிகமா கேக்குற கேள்வி, இந்த ஒரு பயத்தாலதான் வருஷக்கணக்கா நெறைய பேர் மருந்தே இல்லாம கெடக்காங்க. இந்தப் பயம் பழைய மருந்துங்கள்ல இருந்து வந்தது. அதுல சிலது உண்மையிலேயே ஃபிட்ஸ தூண்டும், அதுவும் அளவு கூடினா, ஒரே நேரத்துல நெறைய விழுங்கிட்டா. அத பாத்த அனுபவத்துல எல்லா மனச்சோர்வு மாத்திரையையும் சேர்த்து ஒரே பட்டியல்ல போட்டுட்டாங்க.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு கம்பெனிங்க குடுத்த டிரையல் கணக்க, அதாவது ஆட்கள வச்சு மருந்த சோதிச்ச கணக்க எல்லாம் சேர்த்து 2007-ல ஒரு அலசல் வந்துச்சு. ரெண்டொரு மருந்த தவிர, மனச்சோர்வு மருந்து சாப்பிட்டவங்களுக்கு, உள்ள மருந்தே இல்லாத வெத்து மாத்திரை சாப்பிட்டவங்கள விட ஃபிட்ஸ் கம்மியாத்தான் வந்திருக்கு. அந்த டிரையல்ல இருந்தவங்க பெரும்பாலும் வலிப்பு இல்லாதவங்க, அதையும் சொல்லிரணும். வலிப்பு உள்ளவங்கள வச்சே செஞ்ச ஒரு ஆய்வு 2019-ல வந்துச்சு, 140 பேர், பாதிப் பேருக்கு செர்ட்ரலின்ங்கற மனச்சோர்வு மாத்திரை, பாதிப் பேருக்கு சிபிடிங்கற பேச்சு சிகிச்சை, 16 வாரம். ரெண்டு பக்கமும் பாதிக்கு மேல ஆட்களுக்கு சோர்வு நீங்கிச்சு, ஃபிட்ஸும் கூடல. இன்னும் பெரிய ஆய்வுங்க வரணும், ஆனா "போடவே கூடாது"ன்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்ல. மருந்து போடாம விட்டா என்ன ஆகும்னும் யோசிக்கணும். தூக்கம் கெடும், வலிப்பு மாத்திரைய மறந்துருவாங்க, சில பேர் வேணும்னே விட்டுருவாங்க. ஃபிட்ஸ் அப்படித்தான் கூடுது.

"அப்போ எந்த மாத்திரையதான் தொடக்கூடாது?"

முதல்ல புப்ரோபியான். வலிப்பு உள்ளவங்களுக்கு இது கூடாதுன்னு அட்டைக்குள்ள இருக்குற தாள்லயே போட்டிருக்கும். வலிப்பே இல்லாதவங்களுக்கும் ஒரு நாளைக்கு 300 எம்ஜியில ஆயிரத்துல ஒருத்தருக்கும், 450 எம்ஜியில ஆயிரத்துல நாலு பேருக்கும் ஃபிட்ஸ் வந்திருக்கு. பீடி சிகரெட் நிறுத்தவும் இதே மருந்த குடுப்பாங்க, அதனால அந்த மாதிரி சிகிச்சைக்குப் போனா வலிப்பு இருக்குங்கறத முதல் வார்த்தையா சொல்லுங்க. அடுத்தது க்ளோமிப்ரமின், கழுவுனதையே கழுவுற ஓசிடி நோய்க்கு எழுதுவாங்க. மேப்ரோட்டிலின், அமாக்ஸபின் ரெண்டும் பழசு, இப்ப அபூர்வம்.

"எனக்கு தலைவலிக்கு அமிட்ரிப்டிலின் 10 எம்ஜி குடுத்திருக்காங்களே"ன்னு ஒரு அக்கா கைநடுங்க வந்தாங்க. அந்த சின்ன அளவுக்கு பதறாண்டாம், நியூரோ டாக்டருக்கு தெரிஞ்சுதான் எழுதியிருப்பாங்க, அடுத்த தடவ போகும்போது ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. அளவு கூடினாதான் ஆபத்து, மொத்தமா விழுங்கினா உயிருக்கே ஆபத்து.

"பின்ன டாக்டர் எத எழுதுவாங்க?"

பெரும்பாலும் செர்ட்ரலின் இல்லன்னா எஸ்சிட்டலோப்ரம். இந்த வகை மருந்துதான் வலிப்பு உள்ளவங்களுக்கு முதல் தேர்வு. செர்ட்ரலின 25 எம்ஜியில ஆரம்பிச்சு பைய 50 ஆக்குவாங்க. தூக்கமே இல்ல, பசியே இல்லன்னா மிர்டசபின் பாப்பாங்க, ஆனா எடை கூடும், ஏற்கனவே வால்ப்ரோயேட்ங்கற வலிப்பு மாத்திரை போட்டு எடை ஏறினவங்க அத டாக்டர்ட்ட சொல்லணும். சோர்வு லேசா இருந்தா மருந்து இல்லாம பேச்சு சிகிச்சை மட்டுமே போதும்னு சொல்லவும் செய்வாங்க.

"வலிப்பு மாத்திரையே மனச கெடுக்குமா? புது மாத்திரை மாத்துனதுல இருந்து ஆளே மாறிட்டார்."

கெடுக்கும். இத நான் வீட்டுலயே பாத்தேன். தம்பிக்கு ஃபிட்ஸ் கட்டுப்படாம லெவெடிரசிட்டம் ஆரம்பிச்சாங்க, ஃபிட்ஸ் சுத்தமா நின்னுச்சு, வீடே சந்தோஷப்பட்டுச்சு. மூணாவது வாரம் ஒரு சாயங்காலம் அம்மா மரச்சீனி கிழங்கும் சாள மீன் கறியும் வச்சாங்க. அவனுக்கு உயிர் அது. உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சுன்னு தட்ட அப்படியே சுவத்துல எறிஞ்சான். எறிஞ்சிட்டு அவனே தரையில உக்காந்து மொளகா சாறு வழியுற சுவத்த பாத்து அழுதான், "ஏன் இப்படி பண்ணேன்னு எனக்கே தெரியலக்கா"ன்னு. அந்த சுவர் கறை இன்னும் முழுசா போகல. வீட்டுல எல்லாரும் அவன் குணம் கெட்டுப்போச்சுன்னு பேசினாங்க. நானே மருந்து விக்குறவ, எனக்கே மாத்திரைய சந்தேகப்பட ஒரு மாசம் ஆச்சு.

லெவெடிரசிட்டம், பெராம்பனல் ரெண்டும் சிலருக்கு எரிச்சல், கோபம், சோர்வு குடுக்கும். டோபிரமேட், சோனிசமைட், கார்டினால்னு குடுக்குற ஃபினோபார்பிட்டோன், இதுலயும் சோர்வு வரலாம். எல்லாருக்கும் வராது, நூத்துக்கணக்கான பேர் லெவெடிரசிட்டம் போட்டு நிம்மதியா இருக்காங்க. முன்னாலேயே மனச்சோர்வு இருந்தவங்களுக்கும் வீட்டுல யாருக்காவது இருந்தவங்களுக்கும் வாய்ப்பு கூட. லாமோட்ரிஜின், வால்ப்ரோயேட், கார்பமசபின் இதெல்லாம் பெரும்பாலும் மனச கெடுக்காது, சிலருக்கு நிதானமும் குடுக்கும். அதனால சோர்வுக்கு புது மாத்திரை சேர்க்குறதுக்கு முந்தி, "கடைசியா வலிப்பு மாத்திரை எப்ப மாத்துனீங்க, எத நிறுத்துனீங்க"ன்னு தேதி வச்சு பாக்கணும். நிதானம் குடுத்துக்கிட்டு இருந்தத நிறுத்தினதாலயும் மனசு விழும்.

ஆனா நீங்களா நிறுத்திராதீங்க. வலிப்பு மாத்திரைய சட்டுன்னு விட்டா நிக்காத ஃபிட்ஸ் வந்து ஐசியூல போய் நிக்கும். தம்பிக்கு டாக்டர் ஆறு வாரம் எடுத்து பைய பையதான் மாத்துனார்.

"ரெண்டு மாத்திரையும் உள்ள போய் ஒண்ணோட ஒண்ணு மோதாதா?"

சிலது மோதும். கல்லீரல்ல மருந்த உடைக்குற வேலை நடக்கு இல்லையா, கார்பமசபின், எப்டாயின்னு நாம சொல்லுற ஃபெனிடோயின், ஃபினோபார்பிட்டோன் இந்த மூணும் அந்த வேலைய வேகமாக்கிரும். அதனால செர்ட்ரலினோ மிர்டசபினோ போட்டாலும் ரத்தத்துல நிக்கது கம்மி, "மாத்திரை பிடிக்கல"ன்னு நெனப்போம், உண்மையில அளவுதான் போதாது. மாத்தியும் நடக்கும். ஃப்ளூவாக்சட்டின், ஃப்ளூவோக்சமின் ரெண்டும் உடைக்குற வேலைய மெதுவாக்கும், அப்போ எப்டாயினும் கார்பமசபினும் ரத்தத்துல ஏறி, தள்ளாடுது, ரெண்டு ரெண்டா தெரியுது, நாக்கு குழறுது. குடிச்சிருக்கான்னு ரோட்டுல பேர் வாங்கின ஒரு அண்ணாச்சிய எனக்கு தெரியும், அவர் சொட்டு தொட்டது கிடையாது. எப்டாயின் அளவ ரத்தத்துல பாக்க டெஸ்ட் உண்டு, ஒரு மில்லிக்கு 10-ல இருந்து 20 மைக்ரோகிராம் வரைதான் இருக்கணும்.

வால்ப்ரோயேட்டோட அமிட்ரிப்டிலின் சேர்ந்தா அமிட்ரிப்டிலின் ரத்தத்துல கூடும். செர்ட்ரலின் சிலருக்கு லாமோட்ரிஜின் அளவ ஏத்தலாம். லெவெடிரசிட்டம் இந்த சண்டைக்கு எல்லாம் வராது. இத நீங்க மனப்பாடம் பண்ண வேண்டாம், ஆனா புது மாத்திரை ஆரம்பிச்ச ரெண்டு மூணு வாரத்துல நடை, பார்வை, பேச்சு மாறினா அது மருந்து சமாச்சாரமா இருக்கலாம்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

"அம்மாக்கு 64 வயசு, சோர்வு மாத்திரை ஆரம்பிச்சு பத்து நாள்ல பேச்சே மாறிப்போச்சு, மனநோய் முத்திருச்சா?"

உடனே ரத்தத்துல சோடியம் பாருங்க. கார்பமசபின், ஆக்ஸ்கார்பசபின் ரெண்டும் உப்புச்சத்த குறைக்கும், செர்ட்ரலின் எஸ்சிட்டலோப்ரம் வகையும் குறைக்கும், கூடவே பிரஷருக்கு நீர் போகுற மாத்திரையும் இருந்தா மூணும் சேர்ந்து இழுத்துரும். வயசானவங்களுக்கு, அதுலயும் பெண்களுக்கு, இது சீக்கிரமா நடக்கும்.

எங்க சித்திக்கு இந்த மூணும் இருந்துச்சு. காலைல புட்டுக்குழாய்ல தேங்காயே போடாம மாவு மட்டும் அமுக்கி அமுக்கி வச்சுக்கிட்டே இருந்தாங்க, ஆவி வெளிய வரல, அடுப்ப பாத்துக்கிட்டே நிக்காங்க, என் பேர கேட்டா அவங்க அக்கா பேர சொல்லுதாங்க. மைனி "மந்திரவாதிட்ட காட்டணும்"னு சொன்னா. ஆஸ்பத்திரியில சோடியம் 119. சரியா இருக்கவங்களுக்கு 135-ல இருந்து 145 இருக்கணும். அந்த அளவுல இறங்கினா குழப்பம் மட்டும் இல்ல ஃபிட்ஸே வரும், வந்தா "பாத்தியா சோர்வு மாத்திரை போட்டதால ஃபிட்ஸ்"னு பழி தப்பா விழும். மாத்திரை ஆரம்பிக்கும் முந்தி ஒரு தடவ, ரெண்டு வாரத்துல ஒரு தடவ சோடியம் பாக்கலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க. நீங்களா உப்பு அள்ளிப் போட்டு சரி பண்ண முடியாது.

"பத்து நாளா போடுதேன், ஒரு மாத்தமும் இல்ல. நிறுத்திரவா?"

நிறுத்தாதீங்க. மனசு தெளிய ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், முழுசா தெரிய ஆறு எட்டு வாரம். முதல் வாரத்துல வயித்தப் பிரட்டல், தலைவலி, படபடப்புதான் முதல்ல வரும், அதாவது கஷ்டம் முந்தி சுகம் பிந்தி. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டா பிரட்டல் குறையும். ஆறு வாரம் ஒழுங்கா போட்டும் மாத்தம் இல்லன்னா, முன்ன சொன்ன மாதிரி கார்பமசபின் எப்டாயின் கூட இருக்கான்னு பாத்து அளவ கூட்டுவாங்க, இல்லன்னா மருந்த மாத்துவாங்க. தேறின பிறகும் குறைஞ்சது ஆறு மாசம் தொடரணும்.

"காலைல மூணு மணிக்கு பால் வெட்டப் போற ஆளு நான், ராத்திரி தூக்க மாத்திரை போட்டா எப்படி எந்திரிப்பேன்?"

குலசேகரம் திற்பரப்பு பக்கத்துல இருந்து வர்ற ரப்பர் தொழிலாளிங்க எல்லாரும் கேக்குறது இது. தூக்கம் குறைஞ்சா ஃபிட்ஸ் வரும், அதுல மாத்துக் கருத்தே இல்ல, அதனால ராத்திரி ஒம்பதுக்குள்ள படுக்குறது உங்களுக்கு மருந்து மாதிரி. செர்ட்ரலின் தூக்க மாத்திரை இல்ல, சிலருக்கு தூக்கத்த கலைக்கவும் செய்யும், அவங்க வெட்டு முடிஞ்சு வந்து காலைச் சாப்பாட்டோட போடலாம். மிர்டசபின்னா ராத்திரிதான், ஏழரை எட்டுக்கே போட்டா விடியக்காலத்துல மப்பு குறையும். உங்க வேலை நேரத்த டாக்டர்ட்ட சொல்லுங்க, சொல்லாம அவங்களுக்கு எப்படி தெரியும். முதல் ரெண்டு வாரம் தலைவிளக்க கட்டிக்கிட்டு தனியா தோட்டத்துக்குள்ள போகாம கூட ஒரு ஆள வச்சுக்கோங்க.

மனச ஆத்த கடையில நேரா வாங்குற ஆல்ப்ரசோலம் வேண்டவே வேண்டாம். போட்டுப் பழகிட்டு ஒரு நாள் சட்டுன்னு விட்டா அதுவே ஃபிட்ஸ கொண்டு வரும். சீட்டு இல்லாம நான் குடுக்கவும் மாட்டேன்.

"மருந்து ஆரம்பிச்சுட்டு கடலுக்குப் போலாமா?"

ஃபிட்ஸ் இன்னும் வந்துக்கிட்டு இருந்தா மருந்து போட்டாலும் போடாட்டாலும் கடல் வேண்டாம், வள்ளத்துல இருந்து சரிஞ்சா யாரும் பிடிக்க முடியாது. ஃபிட்ஸ் நின்னு ரொம்ப நாள் ஆச்சு, டாக்டரும் சரின்னுட்டார்னா கூட, புது மாத்திரையோட முதல் நாலு வாரம் கரையில நில்லுங்க. விசைப்படகுக்காரங்களுக்கு மீன்பிடி தடைக்காலம் இதுக்கு தோதான நேரம், குளச்சல் முட்டம் பக்கம் ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரை, சின்னமுட்டத்துல ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை. ஆனா தடைக்காலம் வரட்டும்னு மாசக்கணக்கா மருந்த தள்ளிப்போடாதீங்க.

"இந்த மாத்திரைங்கதான் சாகணும்ங்கற நெனப்ப குடுக்குதா?"

பயந்து கேக்குற கேள்வி, நேராவே சொல்லுதேன். 2008-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 11 வலிப்பு மருந்துங்களோட கணக்க பாத்துச்சு, வெத்து மாத்திரை போட்டவங்கள்ல ஆயிரத்துக்கு ரெண்டு பேருக்கு அந்த எண்ணமோ முயற்சியோ இருந்துச்சு, மருந்து போட்டவங்கள்ல நாலு பேருக்கு. மனச்சோர்வு மாத்திரையில 25 வயசுக்கு கீழ உள்ளவங்கள முதல் சில வாரம் கூடுதலா கவனிக்கணும்னு எச்சரிக்கை இருக்கு. ரெண்டும் உண்மை. மருத்துவம் பாக்காத மனச்சோர்வுல அந்த நெனப்பு இத விட எத்தனையோ மடங்கு கூடங்கறதும் உண்மை. அதனால மருந்த விடாம ஆள கவனிக்கணும். முதல் மாசம் வாரம் ஒரு தடவ யாராவது பக்கத்துல உக்காந்து "சாகலாம்னு தோணுதா மக்ளே"ன்னு நேராவே கேளுங்க. கேட்டா எண்ணம் வந்துரும்னு பயப்படாதீங்க, வராது, கேட்டதுக்குப் பிறகுதான் பல பேர் வாய் திறந்து அழுவாங்க.

மாத்திரை டப்பாவ வேற ஒருத்தர் கையில வையுங்க, முக்கியமா கார்டினாலும் அமிட்ரிப்டிலினும். மொத்தமா மூணு மாசத்துக்கு வாங்காம பதினஞ்சு நாளைக்கு வாங்குங்க, கேட்டா நாங்க தருவோம். 14416-க்கு எந்த நேரமும் காசில்லாம கூப்பிடலாம், டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி எண் அது, தமிழ்லயே பேசுவாங்க. முயற்சி பண்ணிட்டாங்கன்னா யோசிக்காம 108. கேஸ் ஆயிரும்னு மறைச்சு வீட்டுல வைக்காதீங்க, 2017 மனநலச் சட்டப்படி அவங்கள நெருக்கடியில இருந்தவங்களாத்தான் பாக்கணும், தண்டிக்கக் கூடாது.

"ஜெபத்துக்கும் கூட்டிட்டுப் போறோம், நாட்டு மருந்தும் குடுக்கோம், தப்பா?"

ஜெபமும் கோயிலும் மனசுக்கு தைரியம்னா தாராளமா போங்க, மாத்திரை நேரம் மட்டும் தவறக்கூடாது. விடிய விடிய நடக்குற கூட்டத்துல உக்கார வைக்காதீங்க, தூக்கம் போச்சுன்னா என்ன ஆகும்னு பால் வெட்டு கேள்வியில சொல்லியிருக்கேன். உபவாசம்னு சொல்லி மாத்திரைய நிறுத்தாதீங்க. லேகியம், பொடின்னா உள்ள என்ன இருக்குன்னு தெரியாம மோதுமா மோதாதான்னு எங்களால சொல்ல முடியாது. சோர்வுக்குன்னு ஆன்லைன்ல விக்குற செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகைய மட்டும் தெளிவா சொல்லுதேன், வேண்டாம், வலிப்பு மாத்திரையோட அளவ குறைச்சிரும், சோர்வு மாத்திரையோட சேர்ந்தா வேற ஆபத்தும் உண்டு.

"பொண்ணுக்கு கல்யாணம் பேசுதோம். மாத்திரையெல்லாம் நிறுத்திட்டு பேசட்டா?"

நிறுத்தி மறைச்சு கட்டிக் குடுத்து, மாமியார் வீட்டுல முதல் வாரமே தூக்கமில்லாம ஃபிட்ஸ் வந்து திரும்பி வந்த பிள்ளைங்கள பாத்திருக்கேன். சொல்லியே பேசுங்க. வலிப்ப காரணம் காட்டி கல்யாணத்த செல்லாதுன்னு ஆக்குற பிரிவ 1999-லயே இந்து திருமணச் சட்டத்துல இருந்து எடுத்தாச்சு.

நிறுத்துறதுக்குப் பதிலா கல்யாணத்துக்கு ஆறு மாசம் முந்தியே நியூரோ டாக்டர பாத்து எந்த மாத்திரைன்னு முடிவு பண்ணுங்க. வால்ப்ரோயேட் போடுற தாய்மாருக்கு பிறக்குற பத்து பிள்ளையில ஒண்ணுக்கு உடல் குறை வருது, மூணு நாலு பிள்ளைக்கு வளர்ச்சியிலயும் படிப்புலயும் பின்தங்கல் வரலாம், அதனால முடிஞ்சவரை முன்னாலேயே மாத்துவாங்க. லாமோட்ரிஜின், லெவெடிரசிட்டம் நல்ல தேர்வு, ஆனா லெவெடிரசிட்டம் மனசுக்கு என்ன செய்யும்னு மேல சொன்னேன். கர்ப்பத்துல லாமோட்ரிஜின் அளவு ரத்தத்துல இறங்கும், கூட்டணும். சோர்வு மாத்திரையில பராக்சட்டின தவிர்ப்பாங்க, செர்ட்ரலின் தாய்ப்பால்ல ரொம்ப கொஞ்சம்தான் போகும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திராவுல வலிப்பு உள்ள கர்ப்பிணிகளுக்குன்னே 1998-ல இருந்து ஒரு பதிவேடு வச்சு கவனிக்காங்க, நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மணி நேர தூரம்தான்.

"நியூரோ டாக்டர் சைக்காட்ரிக்கு போன்னு சொல்லுதார், அவங்க நியூரோவ கேளுன்னு சொல்லுதாங்க. நடுவுல நாங்க என்ன செய்ய?"

இந்த அலைச்சல் எனக்கு தெரியும், நியூரோ திருவனந்தபுரத்துல, சைக்காட்ரி ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல, ரெண்டு சீட்டும் ரெண்டு பையில. ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்க. முதல் பக்கத்துல இப்ப போடுற எல்லா மாத்திரையும் எத்தனை எம்ஜி, எந்த நேரம், எந்த தேதியில இருந்துன்னு எழுதுங்க, பிரஷர் சுகர் மாத்திரையும் சேர்த்துதான். ரெண்டு டாக்டர்ட்டயும் அதே நோட்ட நீட்டி ஒரு வரி எழுதி வாங்குங்க, "செர்ட்ரலின் ஆரம்பிக்கலாம், நியூரோ சம்மதம்"ங்குற மாதிரி. ஒரு வரி போதும், மத்தவருக்கு தயக்கம் போயிரும். காலி அட்டையையும் தூக்கிப் போடாம கொண்டு போங்க.

பல்லு வலி முதுகு வலின்னு வேற டாக்டர்ட்ட போனாலும் அந்த நோட்டு கூட வரணும். டிரமடால்னு ஒரு வலி மாத்திரை, அது ஃபிட்ஸையும் தூண்டும், செர்ட்ரலினோடவும் ஒத்துப்போகாது.

"சோர்வு மாத்திரை ஆரம்பிச்ச மூணாவது வாரம் ஒரு ஃபிட்ஸ் வந்துருச்சு. அதுதான் காரணம்?"

இருக்கலாம், ஆனா அது பட்டியல்ல கடைசி. முதல்ல வலிப்பு மாத்திரை ஒரு வேளை விட்டுப்போச்சா, ரெண்டு ராத்திரி தூங்கலையா, காய்ச்சலா, கல்யாண வீட்டுல குடிச்சாரா, டிரமடால் மாதிரி ஏதும் புதுசா சேர்ந்துச்சா, சோடியம் எவ்வளவு, கம்பெனி மாத்தி வாங்கினீங்களா, இத எல்லாம் கேட்டுட்டுதான் சோர்வு மாத்திரைய பாக்கணும். முன்ன மாசம் ரெண்டு வந்துக்கிட்டு இருந்தவருக்கு இந்த மாசம் ரெண்டு வந்தா அது புதுசு இல்ல. அளவு கூட்டக் கூட்ட ஃபிட்ஸும் கூடுதுன்னா அப்போ மருந்துமேல சந்தேகம் நியாயம், டாக்டர் மாத்துவார்.

வரும்போது ஒருக்களிச்சு படுக்க வையுங்க, வாயில ஒண்ணும் திணிக்காதீங்க, சாவிக்கொத்து தேடி ஓடாதீங்க, கடிகாரத்த பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா 108.

"ஃபிட்ஸ் நின்ன பிறகுதான் மனசு கெட்டுச்சு, அப்படியும் உண்டா?"

உண்டு. ரொம்ப வருஷம் வந்துக்கிட்டு இருந்த ஃபிட்ஸ் மருந்தாலயோ ஆபரேஷனாலயோ சட்டுன்னு நின்ன பிறகு சிலருக்கு சோர்வோ, சந்தேகமோ, காதுல குரல் கேக்குறதோ வரும். அபூர்வம்தான், ஆனா "இப்பதான் எல்லாம் சரியாச்சே, இவனுக்கு என்ன குறை"ன்னு வீட்டுல திட்டி விட்டுருவாங்க. மனநல டாக்டர்ட்ட அப்பவே காட்டணும்.

"ரெண்டு வருஷமா ஃபிட்ஸும் இல்ல, மனசும் தெளிவு. ரெண்டு மாத்திரையும் ஒண்ணா நிறுத்திரலாமா?"

ஒண்ணா வேண்டாம். ரெண்டையும் சேர்த்து குறைச்சு ஏதாவது ஒண்ணு திரும்பி வந்தா எதனால வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. பெரும்பாலும் முதல்ல சோர்வு மாத்திரைய வாரக்கணக்குல குறைப்பாங்க, சட்டுன்னு விட்டா தலை கிர்ருன்னு சுத்தும், எரிச்சல் வரும், அது நோய் திரும்பினது மாதிரியே இருக்கும். அது முடிஞ்சு சில மாசம் பாத்துட்டு வலிப்பு மாத்திரைய நியூரோ டாக்டர் யோசிப்பார், எல்லாருக்கும் நிறுத்த மாட்டாங்க, அவங்கவங்க வலிப்பு வகைய பொறுத்தது. இன்னொண்ணு, லாமோட்ரிஜினோ வால்ப்ரோயேட்டோ கார்பமசபினோ போடுறவங்களுக்கு அந்த மாத்திரை மனசையும் தாங்கிக்கிட்டு இருந்திருக்கலாம், அத எடுக்கும்போது ஃபிட்ஸ மட்டும் பாக்காம மனசையும் பாக்கணும்.

தம்பிக்கு இப்ப லாமோட்ரிஜின் மட்டும்தான். செர்ட்ரலின 50-ல இருந்து 25 ஆக்கி, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கி நிறுத்த மூணு மாசம் ஆச்சு. அந்த மூணு மாசமும் அம்மா தினமும் காலண்டர்ல, அவன் நல்லா சாப்பிட்ட நாளுக்கு ஒரு புள்ளி வச்சாங்க, தட்ட பாதியில தள்ளுன நாளுக்கு ஒரு கோடு. நாலு கோடு சேர்ந்து வந்தா எனக்கு ஃபோன் பண்ணுவேன்னு சொல்லியிருந்தாங்க. கூடினபட்சம் ரெண்டுதான் வந்துச்சு.